பெட்டியின் மேல் ஒரு பெயர்: சிகரெட் வணிகத்தை உருவாக்கிய ஜேம்ஸ் டியூக்

ஆஸ்திரேலியா, பிரான்ஸ், பிரிட்டன், கனடா ஆகிய நாடுகளில் இன்று சிகரெட் வாங்குகின்ற ஒருவரின் கைக்கு வருவது பொலிவற்ற மண்நிறப் பெட்டி ஒன்று. அதன் பெரும்பகுதியை நோய் பற்றிய எச்சரிக்கையும் படமும் நிரப்பியிருக்கும். தயாரிப்பின் பெயர், சட்டம் விதித்த அளவில், சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். சின்னமோ, பொன்னிறக் கோடோ, தனி எழுத்துருவோ அதில் இராது. பிரான்சிலும் கனடாவிலும் சிகரெட்டைத் தாமே சுருட்டிக்கொள்பவர்கள் வாங்கும் மெல்லிய தாள்களின் சிறு பொதிகளும் இந்த விதிக்குத் தப்பவில்லை.

புகையிலையைத் தடை செய்யாத அரசுகள், அதைச் சுற்றியுள்ள காகிதத்தின் மீது இவ்வளவு கடுமை காட்டுவது ஏன் என்ற கேள்வி எழுவது இயல்பே. இதற்கான விடையை, 1925ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஓர் அமெரிக்கரின் வாழ்க்கையில் காணலாம். புகையிலையை விற்பதை விட அதன் மேல் எழுதப்பட்ட பெயரை விற்பதே பெரிய வணிகம் என்பதைக் கண்டுகொண்டு, அதை உலக அளவில் நடைமுறைப்படுத்தியவர் ஜேம்ஸ் பியூக்கனன் டியூக்.

ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்த இவர், அமெரிக்காவின் மிகப் பெரிய ஏகபோக நிறுவனங்களில் ஒன்றைக் கட்டி எழுப்பினார். அந்நிறுவனத்தை நாட்டின் உச்ச நீதிமன்றம் உடைத்தது. அவர் சேர்த்த செல்வத்தில் எழுந்த பல்கலைக்கழகம் இன்றும் அவர் குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பரப்பிய பழக்கமோ, 20ஆம் நூற்றாண்டில் மட்டும் சுமார் 10 கோடி உயிர்களைப் பறித்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

போருக்குப் பின் கிடைத்த புகையிலை

வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் பகுதியில் 1856 டிசம்பர் 23ஆம் தேதி டியூக் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே தாய் இறந்துவிட்டார். தந்தை வாஷிங்டன் டியூக், அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டார். போரின் இறுதியில் சிறைப்பட்டு, விடுவிக்கப்பட்ட பின், 130 மைல்களுக்கும் மேல் கால்நடையாகவே அவர் ஊர் திரும்பினார் என்பது அக்குடும்பத்தின் வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி.

திரும்பி வந்த தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் எஞ்சியிருந்தவற்றுள் விலை போகக் கூடியது சிறிதளவு புகையிலை மட்டுமே. அதைத் தடியால் அடித்துத் தூளாக்கி, சலித்து, சிறு பைகளில் நிரப்பினார்கள். பொதுநலன் கருதி என்று பொருள்படும் ஒரு இலத்தீன் தொடரை அந்தப் பைகளுக்குப் பெயராக இட்டு, வண்டியில் ஏற்றிக் கிழக்கு வட கரோலினாவுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். 1866ஆம் ஆண்டில் இக்குடும்பம் சுமார் 15 ஆயிரம் இறாத்தல் புகையிலையைத் தயாரித்திருந்தது.

பையில் பெயர் எழுதுவது அன்று அற்ப விஷயமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் பெயரில்லாத புகையிலையை வாங்குபவர், அடுத்த முறை யாரிடமும் வாங்குவார். பெயருள்ள புகையிலையை வாங்கியவர் அதே பெயரைக் கேட்டு வருவார். பக் என்று வீட்டில் அழைக்கப்பட்ட இளைய டியூக், இந்தப் பாடத்தைக் குழந்தைப் பருவத்திலேயே கற்றார். பின்னர் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஒரு வணிகப் பள்ளியில் கணக்கியல் பயின்று திரும்பினார். குடும்பம் 1874இல் டர்ஹாம் நகருக்கு இடம்பெயர்ந்தது. 1878இல் டபிள்யூ. டியூக் சன்ஸ் அண்ட் கம்பெனி என்ற கூட்டு நிறுவனம் உருவானது.

காளையும் கோமகனும்

அதே ஊரில் அவர்களுக்கு வெல்ல முடியாத ஒரு போட்டி இருந்தது. 1865ஆம் ஆண்டு ஏப்ரலில், போர் முடிவுக்கு வந்துகொண்டிருந்த வேளையில், டர்ஹாம் ரயில் நிலையத்தைச் சுற்றி முகாமிட்டிருந்த இரு தரப்புப் படையினரும் அங்கிருந்த புகையிலைக் களஞ்சியத்தைச் சூறையாடினார்கள். சொந்த ஊர் திரும்பிய பின், அதே புகையிலை வேண்டும் என்று கடிதம் எழுதத் தொடங்கினார்கள். இழப்பு என்று கருதப்பட்டது விளம்பரமாக மாறிவிட்டது. அந்தத் தொழிலின் உரிமையாளர், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கடுகுப் புட்டியின் மீதிருந்த காளைத் தலையைப் பார்த்தே தமது முத்திரையை அமைத்தார் என்று சொல்லப்படுகிறது.

புல் டர்ஹாம் என்ற அந்தக் காளை முத்திரை, அமெரிக்கா முழுவதும் சுவர்களிலும் களஞ்சியங்களிலும் வரையப்பட்டது. சிறு துணிப்பையில் அடைக்கப்பட்ட அந்தப் புகையிலை, குழாயில் இட்டுப் புகைப்பவர்களிடமும், தாளில் வைத்துத் தாமே சுருட்டிக்கொள்பவர்களிடமும் பெரும் வரவேற்பைப் பெற்றது. டியூக் குடும்பத்தின் புகையிலை தரத்தில் அதற்குக் குறைந்தது அல்ல. எனினும் காளையைக் கேட்டு வந்தவர், வேறொன்றை வாங்க மறுத்தார். ஒரே மண்ணில் விளைந்த ஒரே வகை இலைக்கு, பெயர் ஒன்றினாலேயே இரு வேறு தலைவிதிகள் அமைவதை டியூக் அன்றாடம் கண்டார்.

காளையுடன் அதன் களத்தில் மோதுவதில் பயனில்லை என்று முடிவு செய்த அவர், 1881ஆம் ஆண்டில் ஆயத்த சிகரெட் தயாரிப்பில் இறங்கினார். அன்றைய அமெரிக்காவில் புகையிலையை மென்றவர்களும், குழாயிலும் சிகாரிலும் புகைத்தவர்களுமே அதிகம். சிகரெட், நகரத்து இளைஞர்களின் நாகரிகப் பொருளாகவும், ஓரளவு இழிவாகவும் பார்க்கப்பட்டது. டர்ஹாமின் கோமகன் என்று பொருள்படும் டியூக் ஆஃப் டர்ஹாம் என்ற பெயரில் புதிய சிகரெட் சந்தைக்கு வந்தது. குடும்பப் பெயரையே பிரபுப் பட்டமாக்கிக் கொண்ட அந்தச் சொல்விளையாட்டில், ஒரு விவசாயியின் மகனுடைய தன்னம்பிக்கையையும் வணிகக் கூர்மையையும் ஒருங்கே காண முடியும்.

கைகளுக்குப் பதிலாக இயந்திரம்

சிகரெட் சுருட்டுவது அன்று முழுக்க முழுக்கக் கைத்தொழில். தென் மாநிலங்களில் இத்தொழில் அறிந்தவர்கள் இல்லாததால், நியூயார்க்கிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களை டியூக் வரவழைத்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதர்கள் இவர்களில் பெரும்பான்மையினர். தேர்ந்த கை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 2 ஆயிரம் முதல் 3 ஆயிரம் சிகரெட்டுகளைச் சுருட்டும். இலையின் நரம்பை நீக்கும் தூசி நிறைந்த வேலை, அந்நாளைய வழக்கப்படி, ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் விடப்பட்டது.

இதே காலத்தில், வர்ஜீனியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் போன்சாக் என்ற இளைஞர் சிகரெட் சுருட்டும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். நீண்ட தாள் சுருளின் மீது புகையிலையைச் சீராகப் பரப்பி, குழாய் வடிவில் சுற்றி, ஒட்டி, பின்னர் சம அளவில் வெட்டுவது அதன் செயல்முறை. இத்தகைய கண்டுபிடிப்புக்குப் பெரும் பரிசு அறிவித்திருந்த ஆலன் அண்ட் ஜின்டர் என்ற முன்னணி நிறுவனமே, அதைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது. இயந்திரம் அடிக்கடி பழுதடைந்தது. கையால் சுருட்டியதையே மக்கள் விரும்புவார்கள் என்ற எண்ணமும் பரவலாக இருந்தது.

டியூக் மாறாக முடிவெடுத்தார். டர்ஹாம் ஆலையில் வில்லியம் ஓ'பிரையன் என்ற இயந்திர வல்லுநரின் பொறுமையான உழைப்பால் குறைபாடுகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன. 1884 ஏப்ரல் 30ஆம் தேதி, அந்த இயந்திரம் முதன்முறையாக நாள் முழுவதும் தடையின்றி இயங்கியது. ஓர் இயந்திரம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சத்து 20 ஆயிரம் சிகரெட்டுகளைத் தந்தது. சுமார் 40 பேரின் உழைப்புக்கு அது சமம். நம்பிக்கை வைத்த முதல் வாடிக்கையாளர் என்ற முறையில், போட்டியாளர் எவருக்கும் விதிக்கப்படும் கட்டணத்தை விட கால் பங்கு குறைவாகவே தம்மிடம் வாங்க வேண்டும் என்று இயந்திர நிறுவனத்துடன் அவர் இரகசியமாக உடன்பாடு செய்துகொண்டார். இயந்திரத்தைப் பின்னர் எவரும் பெறலாம் என்ற நிலை வந்தது. ஆனால் அந்தச் சலுகை அவருக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

அவரால் அழைத்து வரப்பட்ட சுருட்டுத் தொழிலாளர்களுக்கு அடுத்த சில ஆண்டுகளுக்குள் டர்ஹாமில் வேலை இல்லாமல் போனது. அவர்களில் பெரும்பாலோர் வந்த வழியே வடக்கு நோக்கித் திரும்பினார்கள்.

வரிக் குறைப்பும் அவருக்குக் கைகொடுத்தது. ஆயிரம் சிகரெட்டுக்கு 1 டாலர் 75 சென்டாக இருந்த கூட்டாட்சி வரியை 1883இல் அரசு 50 சென்டாகக் குறைத்தபோது, 10 சிகரெட்டுகள் கொண்ட பெட்டியின் விலையை 10 சென்டிலிருந்து 5 சென்டாக டியூக் பாதியாக்கினார்.

அட்டையும் பெட்டியும்

இயந்திரம் ஒரு சிக்கலைத் தீர்த்து, இன்னொன்றை உருவாக்கியது. மக்கள் கேட்டதை விடப் பல மடங்கு சிகரெட்டுகள் குவிந்தன. எல்லா நிறுவனங்களின் சிகரெட்டுகளும் இயந்திரத்தில் ஒரே மாதிரி உருவாகும்போது, ஒன்றை விட்டு மற்றொன்றை வாங்குவதற்கு வாடிக்கையாளருக்கு என்ன காரணம் இருக்க முடியும்? டியூக்கின் பதில், காரணத்தைப் பெட்டியின் மேலும் பெட்டிக்குள்ளும் அச்சிட்டுத் தருவதுதான்.

1884இல் அவர் நியூயார்க்கில் ஓர் ஆலையை நிறுவி அங்கேயே குடியேறினார். மொத்த வணிகமும், விளம்பரமும், வண்ணக் கல்லச்சுக் கலையும் குவிந்திருந்த நகரம் அது. சிகரெட் நசுங்காதபடி, ஒன்றுக்குள் ஒன்று சறுக்கி நுழையும் அட்டைப்பெட்டியை அவரது நிறுவனம் பயன்படுத்தியது. அந்தப் பெட்டியின் பரப்பு முழுவதும் பெயருக்கும் சின்னத்துக்கும் இடமானது. மென்மையான பொதிகளில் விறைப்புக்காக வைக்கப்பட்ட வெற்று அட்டையில் படம் அச்சிடும் வழக்கம் பிற நிறுவனங்களிடம் ஏற்கெனவே இருந்தது. அதை ஒரு படைக்கலனாக மாற்றியவர் டியூக்.

நியூயார்க்கின் நாப் அண்ட் கம்பெனி போன்ற கல்லச்சு நிறுவனங்களிடம் அவர் தமது பெயர் பொறித்த அட்டைகளையும் சிறு புத்தகங்களையும் வரிசை வரிசையாக அச்சிடச் செய்தார். நடிகைகள், உலக நாடுகளின் ஆட்சியாளர்களும் கொடிகளும், ஆபத்தான தொழில்கள், உள்நாட்டுப் போரின் தளபதிகள் என்று வரிசைகள் நீண்டன. வறுமையில் பிறந்து செல்வந்தரானவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் உள்ளங்கை அளவுப் புத்தகங்களும் 1880களின் இறுதியில் வெளிவந்தன. ஒரு வரிசையை நிறைவு செய்ய விரும்புபவர் மீண்டும் மீண்டும் அதே பெயரை வாங்க வேண்டும் என்பதே இதன் உள்நோக்கம். அட்டை சேர்த்தவர்களில் சிறுவர்கள் ஏராளம் என்பது அன்றே அறியப்பட்டிருந்தது. தற்காலத்தில் சிறுவர்களைக் கவரும் விளம்பரங்கள் பற்றி எழுப்பப்படும் குற்றச்சாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

அரைகுறை ஆடையணிந்த நடிகைகளின் படங்கள் தேவாலயங்களின் கண்டனத்துக்கு உள்ளாயின. பக்தியுள்ள மெதடிஸ்டான தந்தை வாஷிங்டன் டியூக்கே 1894இல் மகனுக்குக் கடிதம் எழுதி, அந்தப் படங்களை நிறுத்தும்படி கேட்டுக்கொண்டார். பொதுநலன் என்ற பெயரைப் பையில் எழுதிய தந்தைக்கும், எதை அச்சிட்டால் விற்கும் என்று கணக்கிட்ட மகனுக்கும் இடையிலான தொலைவை அந்தக் கடிதம் உணர்த்துகிறது.

1889ஆம் ஆண்டில் விளம்பரத்துக்கு மட்டும் டியூக் சுமார் 8 லட்சம் டாலர்களைச் செலவிட்டார். அவரது விற்பனை வருமானத்தில் இது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அச்சுக்கும் அட்டைக்கும் இவ்வளவு பணத்தைக் கொட்டுவது மற்ற நிறுவனங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் மலிவான இயந்திரக் கட்டணம் அவருக்கு அந்த வலிமையைத் தந்தது. அவருக்கு ஈடுகொடுக்க முயன்ற நிறுவனங்களின் லாபம் கரைந்தது.

ஐந்து நிறுவனங்கள் ஒன்றாயின

இந்தப் போரின் முடிவு 1890 ஜனவரியில் தெரிந்தது. டியூக் நிறுவனமும், ஆலன் அண்ட் ஜின்டர், கின்னி, குட்வின், கிம்பால் ஆகிய நான்கு போட்டி நிறுவனங்களும் இணைந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி என்ற பெயரில் ஒன்றாயின. நாட்டின் சிகரெட் உற்பத்தியில் சுமார் 90 சதவீதம் அதன் கையில் இருந்தது. அதன் தலைவராகப் பொறுப்பேற்றபோது டியூக்குக்கு வயது 33.

ஏகபோகம் சிகரெட்டோடு நிற்கவில்லை. மெல்லும் புகையிலை, மூக்குப்பொடி, குழாய்ப் புகையிலை என ஒவ்வொரு துறையிலும் பெயர் பெற்ற முத்திரைகளை அவர் விலைக்கு வாங்கினார். ஆலைகளைப் பல வேளைகளில் மூடிவிட்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டார். 1899இல், இளமையில் தம்மை அச்சுறுத்திய புல் டர்ஹாம் காளையும் அவர் வசமானது. புகையிலைக்குச் சுவையூட்டும் அதிமதுரச் சாறு, பொதியும் ஈயத்தாள், துணிப்பைகள் ஆகியவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களும் அவரது கட்டுப்பாட்டுக்குள் வந்தன. புகையிலையைச் சுற்றும் பொருளை வைத்திருப்பவரே தொழிலையும் வைத்திருப்பார் என்பது அவரது கணக்கு.

அந்தத் துணிப்பைகளின் வாயில் நூல் கோக்கும் வேலை, வட கரோலினாவிலும் வர்ஜீனியாவிலும் வறிய குடும்பங்களின் வீடுகளுக்குச் சென்றது. பெண்களும் குழந்தைகளும் இரவில் விளக்கொளியில் அமர்ந்து செய்த இந்த வேலை, மிகக் குறைந்த கூலிக்கு 1930கள் வரை நீடித்தது.

இலையை வாங்குவோர் ஒருவரே என்ற நிலை ஏற்பட்டபோது, விளைவிப்போரின் பேரம் பேசும் ஆற்றல் அற்றுப்போனது. கென்டக்கியிலும் டென்னசியிலும் விலை உற்பத்திச் செலவுக்கும் கீழே இறங்கியதாக விவசாயிகள் குமுறினார்கள். 1904இல் சங்கம் அமைத்து விற்பனையை நிறுத்தினார்கள். சங்கத்தில் சேராதவர்களையும் நிறுவனத்தின் கிடங்குகளையும் முகமூடி அணிந்த குழுக்கள் இரவில் தாக்கின. 1907 டிசம்பரில் கென்டக்கியின் ஹாப்கின்ஸ்வில் நகரமே சில மணி நேரம் அவர்களின் பிடியில் இருந்தது. புகையிலைக் கிடங்குகள் தீக்கிரையாயின. நியூயார்க் அலுவலகத்தின் கணக்குப் புத்தகத்தில் லாபமாகப் பதிவான தொகைக்கு, கிராமங்களில் கொடுக்கப்பட்ட விலை இது.

கடல் கடந்த முத்திரைகள்

உள்நாட்டுச் சந்தையை வென்ற டியூக், 1901இல் லிவர்பூலின் ஆக்டன் நிறுவனத்தை விலைக்கு வாங்கி பிரிட்டனுக்குள் நுழைந்தார். அச்சமடைந்த 13 பிரிட்டிஷ் நிறுவனங்கள் இணைந்து இம்பீரியல் டொபாக்கோ கம்பெனியை அமைத்தன. தமது லாபம் முழுவதையும் நான்கு ஆண்டுகளுக்குக் கடைக்காரர்களுக்கே பகிர்ந்தளிப்பதாக டியூக்கின் தரப்பு அறிவித்தது. வாடிக்கையாளரின் கைக்கு எந்தப் பெட்டி போகும் என்பதைத் தீர்மானிப்பவர், கடைப்பலகைக்குப் பின்னால் நிற்பவர் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

1902 செப்டம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அமெரிக்கா ஒருவருக்கு, பிரிட்டன் மற்றவருக்கு என்று சந்தைகள் பிரிக்கப்பட்டன. எஞ்சிய உலகத்துக்காக பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ என்ற கூட்டு நிறுவனம் பிறந்தது. அதன் மூன்றில் இரு பங்கு அமெரிக்கத் தரப்பிடம் இருந்தது. டியூக் அதன் முதல் தலைவரானார்.

சீனாவே அதன் பெரிய இலக்கு. அந்த நிறுவனம் சீனாவில் விற்ற சிகரெட்டுகள் 1902இல் சுமார் 125 கோடி. 1916இல் அது சுமார் 1,200 கோடியாக உயர்ந்தது. உள்ளூர்க் கதைகளையும் அழகியல் மரபையும் தழுவிய சுவரொட்டிகளும் நாட்காட்டிகளும் அச்சிடப்பட்டு ஊர்தோறும் கொண்டுசெல்லப்பட்டன. 1905இல் அமெரிக்காவின் சீனக் குடியேற்றத் தடைக்கு எதிராகச் சீனாவில் நடந்த புறக்கணிப்பில் இந்நிறுவனத்தின் சிகரெட்டுகளும் இலக்காயின. எனினும் விற்பனை மீண்டும் ஏறியது.

தெற்காசியாவுக்கும் இதே நிறுவனத்தின் கரங்கள் நீண்டன. 1906இல் இலங்கையில் அது காலூன்றியது. இன்றைய சிலோன் டொபாக்கோ கம்பெனியின் தொடக்கம் அதுவே. 1910 ஆகஸ்டில் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி ஆஃப் இந்தியா பதிவானது. ஐடிசி என்று இன்று அறியப்படும் நிறுவனம் இதன் தொடர்ச்சி. 1912இல் குண்டூரை மையமாகக் கொண்டு இலை வாங்கும் துணை நிறுவனம் ஒன்றும் எழுந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் பெட்டியிலிருந்த படத்தைச் சொல்லியே கேட்டு வாங்கினார்கள். தமிழகத்தில் கத்தரி மார்க் சிகரெட் என்ற வழக்கு நிலைபெற்றது அவ்வாறுதான். டர்ஹாமில் காளையின் படம் செய்த வேலையை, சென்னையிலும் மதுரையிலும் கத்தரிக்கோலின் படம் செய்தது.

உடைந்த ஏகபோகம்

அமெரிக்காவில் ஏகபோகங்களுக்கு எதிரான அரசியல் சூழல் வலுத்தது. 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டத்தின் கீழ் அரசு வழக்குத் தொடுத்தது. 1911 மே 29ஆம் தேதி, அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி சட்டத்தை மீறியதாக உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அதைக் கலைக்க உத்தரவிட்டது. அதே மாதத்தில்தான் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்கு எதிரான தீர்ப்பும் வந்திருந்தது.

எவ்வாறு உடைப்பது என்ற திட்டத்தை வகுப்பதில் டியூக்கே முக்கிய பங்காற்றினார் என்பது இதிலுள்ள முரண். அத்தனை கிளைகளின் கணக்கும் அவர் தலையில் இருந்தது. புதிய அமெரிக்கன் டொபாக்கோ, லிகெட் அண்ட் மையர்ஸ், லோரில்லார்ட், ஆர். ஜே. ரெனால்ட்ஸ் ஆகிய நிறுவனங்களுக்கிடையே ஆலைகளும் முத்திரைகளும் பங்கிடப்பட்டன. 1913இல் ரெனால்ட்ஸ் வெளியிட்ட கேமல் சிகரெட், பெரும் விளம்பரத்தின் துணையுடன் நாடெங்கும் பரவியது. ஏகபோகம் உடைந்தது சிகரெட்டின் வளர்ச்சியைத் தடுக்கவில்லை. டியூக்கின் விளம்பர முறையைப் பின்பற்றும் பல நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டதால், அது மேலும் வேகம் பெற்றது.

மின்சாரமும் பல்கலைக்கழகமும்

புகையிலையில் ஈட்டிய செல்வத்தை டியூக் நீர்மின்சாரத்தில் முதலீடு செய்தார். 1905 முதல் கரோலினாவின் கட்டாவ்பா ஆற்றை மையமாகக் கொண்டு அவர் உருவாக்கிய மின் நிறுவனம், அப்பகுதியின் நெசவாலைகளுக்கு ஆற்றல் தந்தது. இன்றைய டியூக் எனர்ஜி நிறுவனத்தின் மூலம் அதுவே.

1924 டிசம்பரில் 4 கோடி டாலர் மதிப்பிலான அறக்கட்டளை ஒன்றை அவர் நிறுவினார். டர்ஹாமிலிருந்த டிரினிட்டி கல்லூரி அந்தக் கொடையால் பல்கலைக்கழகமாக விரிந்து, டியூக் பல்கலைக்கழகம் என்ற பெயரை ஏற்றது. கரோலினா மாநிலங்களின் மருத்துவமனைகள், ஆதரவற்ற குழந்தைகளின் இல்லங்கள், கிராமத்து மெதடிஸ்ட் தேவாலயங்கள் ஆகியவற்றுக்கும் பங்கு ஒதுக்கப்பட்டது. இனப்பாகுபாடு சட்டமாக இருந்த அந்நாளில், கறுப்பின மாணவர்களுக்கான ஒரு கல்லூரியும் பயனாளிகளில் இடம்பெற்றது. கொடையளித்த ஓராண்டுக்குள், 1925 அக்டோபர் 10ஆம் தேதி, தமது 68ஆவது வயதில் நியூயார்க்கில் அவர் காலமானார். ஒரே மகள் டோரிஸுக்கு அப்போது 12 வயது.

புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த பெரிய ஆய்வுகள் 1950ஆம் ஆண்டில்தான் வெளிப்படுத்தின. அந்த அறிவு டியூக்குக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. எனவே, தெரிந்தே நஞ்சை விற்றவர் என்று அவரைச் சாடுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. எனினும், அவர் காலத்திலேயே சிகரெட் தீங்கானது என்று கருதி டென்னசி, ஐயோவா உள்ளிட்ட மாநிலங்கள் அதன் விற்பனையைத் தடை செய்திருந்தன. அந்த எச்சரிக்கைகள் அவரது வேகத்தைக் குறைத்ததாகத் தெரியவில்லை. உண்மை தெரிந்த பின்னரும் பல பத்தாண்டுகள் அதை மறுத்துவந்த பொறுப்பு, அவரது வாரிசு நிறுவனங்களைச் சாரும்.

பெயரை அகற்றும் காலம்

டியூக்கின் வணிகத்தைப் புரிந்துகொண்டால், இன்றைய சட்டங்களின் தர்க்கமும் விளங்கும். 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, விளம்பரத்தைத் தடை செய்யும்படி கோருகிறது. தொலைக்காட்சியும் சுவரொட்டியும் மூடப்பட்ட பின், நிறுவனங்களிடம் எஞ்சியிருந்தது பெட்டி ஒன்றே. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியா அந்தப் பெட்டியையும் கைப்பற்றியது. பிரான்சும் பிரிட்டனும் 2017க்குள் அதே வழியில் சென்றன. கனடா 2019இல் பின்தொடர்ந்தது. பின்னர் அந்நாடு ஒவ்வொரு சிகரெட்டின் தாளிலும் எச்சரிக்கை வாசகத்தை அச்சிட வைத்தது. இலங்கை 2015இல் பெட்டியின் 80 சதவீதப் பரப்பையும், இந்தியா 2016இல் 85 சதவீதப் பரப்பையும் எச்சரிக்கைக்கு ஒதுக்கின.

கடைப்பலகைக்குப் பின்னாலும் இதே கதைதான். கனடாவின் ஒன்டாரியோவில் 2008 முதலும், பிரிட்டனின் சிறுகடைகளில் 2015 முதலும் சிகரெட் பெட்டிகளைக் காட்சிக்கு வைக்க அனுமதி இல்லை. லண்டனிலும் டொராண்டோவிலும் கடை நடத்தும் தமிழர்கள் அன்றாடம் திறந்து மூடும் அந்த மறைப்புப் பலகைகள், கடைக்காரரின் தயவைப் பெற டியூக் நடத்திய போருக்கு நூறாண்டு கழித்துக் கிடைத்த பதில் எனலாம்.

புகையிலை நிறுவனங்கள் இந்தச் சட்டங்களை நீதிமன்றங்களிலும் உலக வர்த்தக அமைப்பிலும் எதிர்த்தன. முத்திரை தமது சொத்து என்பது அவற்றின் வாதம். ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 2012இலும், உலக வர்த்தக அமைப்பின் நடுவர்கள் 2018இலும் இறுதியாக 2020இலும் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஆயினும் நிறுவனங்கள் அத்தனை செலவு செய்து போராடியதே, பெட்டியின் மேலுள்ள பெயர் எத்தகைய ஆற்றல் கொண்டது என்பதற்கு அவை தந்த ஒப்புதல் ஆகிவிட்டது.

டர்ஹாமில் உள்ள டியூக் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில், அவரது நிறுவனம் வெளியிட்ட சிகரெட் அட்டைகள் ஆய்வாளர்களுக்காகப் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. பல்கலைக்கழகத் தேவாலயத்தின் முன்னால் 1935இல் நிறுவப்பட்ட அவரது வெண்கலச் சிலை, கையில் சிகாருடன் நிற்கிறது. அதே வளாகத்தில் 2020 ஜூலை முதல் தேதியிலிருந்து புகைபிடிக்கத் தடை விதிக்கப்பட்டுள்ளது.